உரிமம் கேட்காத அலைக்கற்றை: உங்க வைஃபையும் பக்கத்துக் கடை புளூடூத்தும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன?

கறம்பக்குடி கடைத்தெருவில் ஒரு இ-சேவை மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பதினொரு மணி. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆவணத்தை ஸ்கேன் செய்து ஏற்றும்போது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "நெட் ஸ்லோ, கொஞ்சம் பொறுங்க" என்கிறார் மையத்தை நடத்துபவர். இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு நாலு திட்டு விழுகிறது.

ஆனால் அதே ரவுட்டரில் ஒரு கேபிளைச் செருகி நேரடியாகக் கம்ப்யூட்டரில் கொடுத்துப் பாருங்கள். பல நேரம் வேகம் சரியாகவே வரும். அப்படி வந்தால், நிறுவனம் கொடுத்த இணைப்பில் கோளாறு இல்லை என்று அர்த்தம். ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் பதினைந்து அடி காற்றில்தான் நெரிசல். பாரத்நெட் திட்டத்தில் கண்ணாடி இழை கேபிள் கிராம ஊராட்சி வரை வருகிறது, தனியார் ஃபைபர் வீட்டு வாசலுக்கே வருகிறது. எவ்வளவு தூரம் வந்தாலும் கடைசிப் பதினைந்து அடியைப் பெரும்பாலும் காற்றில்தான் கடக்கிறோம்.

அந்தக் காற்றில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்? மாடி வீட்டு வைஃபை. எதிர் மொபைல் கடையில் பாட்டுப் பாடும் புளூடூத் ஸ்பீக்கர். பேக்கரியில் பப்ஸ் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு. நகைக்கடையின் வயர்லெஸ் கேமரா. ரேஷன் கடையில் இப்போது விற்பனை முனையக் கருவியையும் மின்னணு எடைத் தராசையும் புளூடூத்தில் இணைக்கிறார்களே, அதுவும் இங்கேதான். முகூர்த்த நாள் என்றால் மண்டபத்துக்கு மேலே பறக்கும் ட்ரோனும் சேர்ந்துகொள்ளும். இவை எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே பட்டையில் இயங்கக்கூடியவை. சரியாகச் சொன்னால் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ், அவ்ளோதான்.

பட்டா இல்லாத இடம்

செல்போன் நிறுவனங்கள் பயன்படுத்தும் அலைக்கற்றை ஏலத்தில் விற்கப்படுகிறது. கோடிக்கணக்கில் பணம் கட்டி வாங்கியதால் அந்தப் பட்டையில் அந்த வட்டாரத்தில் அவர்களுக்கு மட்டுமே உரிமை. பட்டா நிலம் மாதிரி.

2.4 கிகாஹெர்ட்ஸ் அப்படி இல்லை. 2005 ஜனவரியில் மத்திய அரசு ஒரு விதியை வெளியிட்டு, இந்தப் பட்டையில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. கருவியின் வெளியீடு அதிகபட்சம் 1 வாட், ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 4 வாட். இந்த வரம்புக்குள் இருந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கட்டணமும் இல்லை. வீட்டில் வைஃபை வைக்க நாம் எந்த அலுவலகத்துக்கும் மனு போடாததற்குக் காரணம் இதுதான். உலக அளவில் பார்த்தால், அமெரிக்கா 1985-லேயே இந்த மாதிரிப் பட்டைகளைத் தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்புகள் ஏற்கெனவே குடியிருந்ததால் வேறு யாரும் அதிகம் விரும்பாத பட்டைகள் அவை. அந்தக் குப்பைமேட்டில்தான் பிறகு வைஃபையும் புளூடூத்தும் முளைத்தன.

நம் ஊர் வழக்கில் சொன்னால் இது மேய்க்கால் புறம்போக்கு. யார் ஆடு வேண்டுமானாலும் மேயலாம், யாருக்கும் பட்டா கிடையாது. இந்திய விதிகளில் இதற்கு மூன்று நிபந்தனைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நீங்கள் பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது. பிறரால் உங்களுக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பு கேட்க முடியாது. பட்டையைப் பகிர்ந்துதான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை இன்னொரு தடவை படியுங்க. மாடி வீட்டுக்காரர் ரவுட்டரால் உங்கள் வைஃபை தடுமாறுகிறது என்று, அவர் வரம்புக்குள் இருக்கும்வரை, நீங்கள் எந்த அதிகாரியிடமும் புகார் கொடுத்து அவரை நிறுத்த முடியாது. அவரும் உங்களை நிறுத்த முடியாது. அப்போ நியாயத்தை யார் காப்பாற்றுவது? கருவிகளுக்குள் எழுதி வைத்திருக்கும் ஒழுங்குதான்.

கேட்டுவிட்டுப் பேசு, அல்லது தாவிக்கொண்டே பேசு

வைஃபையின் ஒழுங்கு இது: பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாயை மூடு. அவர் முடித்ததும் உடனே குதிக்காதே. மனசுக்குள் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அதை எண்ணி முடித்த பிறகு பேசு. காத்திருக்கும் ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு எண்ணை எடுப்பதால், பெரும்பாலும் யாராவது ஒருவர் முதலில் எண்ணி முடிப்பார், மற்றவர்கள் நிற்பார்கள். இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துவிட்டால் மோதல். அடுத்த முறை இருவரும் இன்னும் பெரிய எண்ணிக்கையிலிருந்து எடுப்பார்கள். இதெல்லாம் மைக்ரோ விநாடிகளில் நடந்து முடிகிறது.

புளூடூத்தின் ஒழுங்கு வேறு. அது கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, தாவுகிறது. பட்டையை 79 சிறு அறைகளாகப் பிரித்துக்கொண்டு, விநாடிக்கு 1600 தடவை ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்கிறது. ஓர் அறையில் கூட்டமாக இருந்தாலும் அடுத்த நொடிப்பொழுதில் வேறு அறையில் இருக்கும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு தாவியது. 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, எந்த அறைகளில் வைஃபை உட்கார்ந்திருக்கிறது என்று கவனித்து அவற்றை விட்டுவிட்டுத் தாவக் கற்றுக்கொண்டது. வேறு தொழில்நுட்பத்துக்கு வழிவிட வேண்டும் என்றே சேர்க்கப்பட்ட மாற்றம் இது.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச் போனைத் தேடும்போது "நான் இங்கே இருக்கேன்" என்று கூப்பிட, புளூடூத்தின் குறைமின் வகைக்கு மூன்று சேனல்கள் மட்டுமே உண்டு. அவை 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ். ஏன் இந்த எண்கள்? வைஃபையில் வழக்கமாகப் பயன்படுத்தும் சேனல்கள் 1, 6, 11. ஒன்றாம் சேனலின் கீழ் ஓரத்தில் ஒன்று, 1-க்கும் 6-க்கும் நடுச் சந்தில் ஒன்று, 11-க்கு மேலே ஒன்று என்று இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். பேருந்தில் இரண்டு இருக்கைக்கு நடுவில் பையை வைப்பது போல.

தன் மொழி காதில் விழும், பிற மொழி விழாது

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் சண்டை ஏன் வருகிறது? இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

ஒரு வைஃபை கருவி இன்னொரு வைஃபையின் பேச்சை, மிக மெல்லியதாக வந்தாலும், அடையாளம் கண்டு நின்றுவிடும். சுமார் மைனஸ் 82 டிபிஎம் அளவுக்கு வந்தாலே போதும். ஆனால் வருவது வைஃபை இல்லை, வேறு ஏதோ சத்தம் என்றால், சுமார் மைனஸ் 62 டிபிஎம் அளவுக்கு வந்தால்தான் "யாரோ பேசுறாங்க" என்று ஒத்துக்கொள்ளும். டிபிஎம் கணக்கில் 20 என்பது 100 மடங்கு. அதாவது, சொந்த மொழியில் யாராவது முணுமுணுத்தாலே மரியாதையாகக் காத்திருக்கும் கருவி, அயல் மொழிக்காரர் 100 மடங்கு சத்தமாகப் பேசினால்தான் காத்திருக்கும். அதுவரை அவர் பேச்சுக்கு மேலேயே பேசிக்கொண்டு போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்த வேலை இல்லை. இரைச்சலுக்கெல்லாம் பயந்து நின்றால் வேலையே நடக்காது என்று வைத்த அளவு. ஆனால் சின்னச் சக்தியில் பேசும் ஜிக்பீ சென்சார்கள் மாதிரியான கருவிகள் இதனால் அடிபடுகின்றன.

இதே சண்டை பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2014 வாக்கில் சில செல்போன் நிறுவனங்களும் சிப் நிறுவனங்களும் ஒரு யோசனை சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கிய அலைக்கற்றை போதவில்லை, வைஃபை இருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் 4ஜி-யை ஓட்டலாமே என்று. எல்டிஇ-யு என்று பெயர். சட்டப்படி தப்பு இல்லை, பட்டா இல்லாத இடம்தானே. ஆனால் அது வைஃபை மாதிரி ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுப் பேசாது. எவ்வளவு நேரம் காலியாக இருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப "இவ்வளவு நேரம் எனக்கு, இவ்வளவு நேரம் உங்களுக்கு" என்று தானே அட்டவணை போட்டுக்கொள்ளும். தன் நேரம் வந்ததும் வைஃபை பாதிப் பேச்சில் இருந்தாலும் தொடங்கிவிடும். வைஃபை தரப்பு கடுமையாக எதிர்த்தது. பங்கு பிரிப்பவரே பங்கும் எடுத்துக்கொண்டால் எப்படி என்பதுதான் கேள்வி.

ஐரோப்பாவில் "கேட்டுவிட்டுப் பேசு" என்பது விதியிலேயே இருந்ததால் எல்டிஇ-யு உள்ளே வர முடியவில்லை. அமெரிக்காவில் அப்படி விதி இல்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, வைஃபையோடு சேர்ந்து இருக்க முடியுமா என்று சோதிக்கப் பொதுவான முறை ஒன்றை வகுத்து, 2017 பிப்ரவரியில் முதல் கருவிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்குள் செல்போன் தர அமைப்பே, வைஃபை போலக் கேட்டுவிட்டுப் பேசும் எல்ஏஏ என்ற வேறு முறையை வகுத்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் வைஃபை தரப்பு கேட்டது நியாயம்தான். வாட் அளவை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது, முறை வைக்கவும் வேண்டும்.

தேனியில் நடந்தது

முறை வைப்பது என்றதும் நம் தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று சொல்ல வேண்டும். 2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. கிராமத்து நோயாளி அங்கேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசலாம். அதற்கு இணைப்பு? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சாதாரண வைஃபை சிப்பையே எடுத்து, கோபுரத்தில் ஒரே திசை நோக்கும் ஆன்டெனா வைத்து, கிலோமீட்டர் கணக்கான தூரத்துக்கு அனுப்பினார்கள். உரிமம் வேண்டாத பட்டை என்பதால்தான் அந்தச் செலவில் அது முடிந்தது.

ஆனால் வைஃபையின் ஒழுங்கு வீட்டுக்குள் பேசுவதற்கு எழுதப்பட்டது. அனுப்பியதும் "வந்துச்சு" என்ற பதிலுக்கு மிகக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோ விநாடி ஆகிறது. பதில் வரும் முன்பே "தொலைஞ்சு போச்சு" என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பும். எதிர்முனை பேசத் தொடங்கியதும் இங்கே காதில் விழத் தாமதமாகும், எனவே மோதல். ஆய்வாளர்கள் கேட்டுப் பேசும் முறையையே எடுத்துவிட்டு, இந்த முனைக்கு இவ்வளவு நேரம், அந்த முனைக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்தார்கள். நம் மாவட்டத்தில் கல்லணைக் கால்வாய் கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான். வேகம் பல மடங்கு கூடியது.

அதே ஆய்வுக் குழு இன்னொன்றும் கண்டது. ஊருக்கு வெளியே இணைப்பு சுத்தமாக இருந்தது. நகரத்துக்குள் வரும் இணைப்புகளில் தகவல் தொலைவதற்கு முக்கியக் காரணம் மழையோ தூரமோ இல்லை, அங்கிருந்த மற்ற வைஃபைகள். அதையும் புகார் சொல்லித் தீர்க்க முடியாது. தகவலோடு கொஞ்சம் உபரியையும் சேர்த்து அனுப்பித் தாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சம வாய்ப்பு, சம நேரம் இல்லை

இப்போ உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரே ரவுட்டரில் இருக்கும் கருவிகளுக்குள்ளும் நியாயப் பிரச்சினை உண்டு. வைஃபை எல்லோருக்கும் பேசச் சம வாய்ப்பு கொடுக்கிறது. ஆனால் சம நேரம் கொடுப்பதில்லை.

1500 பைட் அளவுள்ள ஒரு பொட்டலத்தை 54 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பக் கால் மில்லி விநாடிகூட ஆகாது. அதையே 1 எம்பிபிஎஸ்-ல் அனுப்ப 12 மில்லி விநாடி. ஏறக்குறைய 50 மடங்கு. கொல்லைப்புறத்தில் சிக்னல் ஒரு கோடு மட்டும் வரும் இடத்தில் பழைய போனில் ஒருவர் வீடியோ பார்த்தால், அந்த போன் தன் முறை வரும்போதெல்லாம் காற்றை நெடுநேரம் பிடித்துக்கொள்ளும். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் புது லேப்டாப்பும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். புது ரவுட்டர்களில் ஏர்டைம் ஃபேர்னஸ் என்ற பெயரில் நேரத்தைச் சமமாகப் பிரிக்கும் வசதி இருக்கும். இருந்தால் போட்டு வையுங்கள். இல்லையென்றால் அந்தப் பழைய போன்காரரை உள்ளே வந்து உட்காரச் சொல்வது நல்ல தீர்வு.

உங்கள் கையில் இருப்பது

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குப் போய், சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். 40 வைத்தால் பட்டையில் பாதியை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள், அக்கம்பக்கம் நிறைந்த கடைத்தெருவில் அதனால் உங்களுக்கும் லாபம் இல்லை. சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். "எல்லாரும் 6-ல் இருக்காங்க, நான் 3-க்குப் போறேன்" என்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும், ஆனால் தப்பு. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிந்து முறை எடுத்துக்கொள்வார்கள். 3-ல் உட்கார்ந்தால் 1-க்கும் 6-க்கும் நீங்கள் வெறும் இரைச்சல், உங்களுக்கு அவர்கள் இரைச்சல். மேலே சொன்ன 100 மடங்குக் கணக்கு இங்கேயும் வந்துவிடும்.

நகராத கருவிகளுக்குக் கேபிள் போடுங்கள். டிவி, கடை கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர் இவற்றுக்கு வைஃபை தேவையே இல்லை. இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான். சில நூறு ரூபாய் கேபிளில் விண்ணப்பதாரர்களின் நேரம் மிச்சமாகும்.

போனும் லேப்டாப்பும் 5 கிகாஹெர்ட்ஸை ஏற்றால் அதற்கு மாற்றுங்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்தப் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது. 83.5 எங்கே, 605 எங்கே! சுவரைத் தாண்டுவது குறைவு என்பது அதன் குறை. அக்கம்பக்கத்தார் சத்தமும் உங்கள் வீட்டுக்குள் குறைவாகவே வரும் என்பதால் அதுவே நிறையும்கூட. 5-ல் சில சேனல்களில் ரேடாருக்கு முன்னுரிமை உண்டு. அந்தச் சேனல்களில் பல ரவுட்டர்கள் தொடங்கும் முன் ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். ரவுட்டரை ஆன் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் வரத் தாமதமானால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்ததாக 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப் பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸை வீட்டுக்குள் குறைந்த சக்தியில் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளை 2025 மே மாதம் வெளியிட்டார்கள்.

திருச்சி–காரைக்குடி சாலையில் சுங்கச்சாவடியைக் கடக்கும்போது ஃபாஸ்டேக் படிக்கப்படுகிறதே, அதுவும் உரிமம் வேண்டாத பட்டைதான், 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம். 2005-ல் 2 மெகாஹெர்ட்ஸ் அகலமாகத் திறந்து, 2021-ல் மூன்றாக்கினார்கள். ஐரோப்பாவில் இதற்கு அருகில் உள்ள பட்டையில் சென்சார் கருவிகள் பல, ஒரு மணி நேரத்தில் 36 விநாடிக்கு மேல் பேசக் கூடாது என்று விதி. பங்கு பிரிக்க அதுவும் ஒரு வழி.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. சிக்னல் எடுக்கவில்லை என்று ஆன்லைனில் மொபைல் சிக்னல் பூஸ்டர் வாங்கி மாடியில் மாட்டாதீர்கள். அது புறம்போக்கு இல்லை, நிறுவனம் ஏலத்தில் எடுத்த பட்டா நிலம். அனுமதி இல்லாமல் வைப்பது சட்டவிரோதம். உங்கள் ஒரு வீட்டுக்குச் சிக்னல் வர, தெருவுக்கே அழைப்பு துண்டிக்கப்படலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு இப்படிப்பட்ட இடையூறுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே இருக்கிறது. வைஃபை ரவுட்டர் வாங்கும்போதும் இந்தியாவில் விற்க வகை ஒப்புதல் பெற்ற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் சில ரவுட்டர்கள் இங்கே அனுமதிக்காத சேனலில் இயங்கலாம்.

டீக்கடையோ பெட்டிக்கடையோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம்.-வாணி திட்டத்தில், பொது வைஃபை வைத்து வாடிக்கையாளருக்கு இணையம் விற்கலாம். கடைக்காரர் உரிமம் எடுக்கவோ, பதிவு செய்யவோ, அரசுக்குக் கட்டணம் கட்டவோ வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்த ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துகொண்டால் போதும். கருவியை மாட்ட வருபவரிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள்: 5 கிகாஹெர்ட்ஸும் உள்ளதாக இருக்கட்டும், 2.4-ல் அகலம் 20-ஐத் தாண்ட வேண்டாம். பக்கத்து ரேஷன் கடைத் தராசும் அதே பட்டையில்தான் எடையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.